தெரிஞ்ச கதைதானே

"தெரிஞ்ச கதைதானே மாமா, எதுக்கு பதினெட்டு நாள்? மூணு நாள்ல முடிச்சிடலாம்."

பென்னாகரம் பக்கத்துல எங்க ஊர் திரௌபதியம்மன் கோயில்ல மகாபாரதத்தைப் பதினெட்டு நாள் கூத்தா ஆடுறது வழக்கம். அதைப் பத்திப் பேசுன கூட்டத்துல அக்கா மகன் இப்படிச் சொன்னான். பெங்களூர்ல வேலை, லீவு கிடைக்காது. கூத்து செட்டுக்கு ஒரு ராத்திரிக்குக் கொடுக்கிற பணமும் ஏறிப்போச்சு. நியாயம்தான். ஆனா 'தெரிஞ்ச கதை'ன்னு சொன்னான் பாருங்க, அதைத்தான் ஒத்துக்க முடியலை.

தெரியாத கதைன்னு யாருய்யா பாரதக் கூத்துக்குப் போறது? பகல்ல பிரசங்கம், வில்லிபுத்தூரார் தமிழ்ல பாடின வில்லிபாரதத்தோட பத்துப் பருவமும். ராத்திரி அதையே வேஷம் கட்டி ஆடுறாங்க. அப்பா விடியவிடிய உட்கார்ந்து பார்த்துட்டு வந்து சொல்ற விமர்சனமே வேற. "போன வருஷம் துச்சாதனன் சேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி அம்மன்கிட்ட மன்னிப்பு கேட்டான். இவன் ஏதோ கடமைக்குக் கும்பிட்டான்." பார்த்ததையே பார்த்தவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

எங்க ஆயா அறுபது தடவையாவது பார்த்திருக்கும். அபிமன்னன் சண்டை, அதாவது பதிமூணாம் போர் அன்னைக்கு, முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழும். நாங்க சின்னப் பசங்க, அதைப் பார்த்துச் சிரிப்போம். சித்தப்பா லாரி விபத்துல செத்துப்போன வருஷம், அபிமன்னன் திரை பிடிச்சு வந்ததும் ஆயா எழுந்துச்சு. அழலை. பாயைச் சுருட்டி அக்குள்ல வெச்சுக்கிட்டு இருட்டுல தனியா வீட்டுக்கு நடந்துடுச்சு. அதே பாட்டு, அதே முகவீணைக் குழல். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அந்த ராத்திரி மட்டும் வரலை. மூணாவது வருஷம் வந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்துச்சு. மூணு நாள் சுருக்கத்துல அபிமன்னனுக்கு எங்கய்யா இடம்?

பழசு எல்லாமே நல்லதுன்னு சொல்ல வரலை. எந்தத் தெருவுக்குள்ள கரகம் போகக்கூடாதுங்கிறதும் பாட்டன் காலத்துல இருந்து திரும்பத் திரும்ப நடக்குறதுதான். சுருக்கணும்னா முதல்ல அதைச் சுருக்குங்க. கூட்டத்துல இதையும் சொன்னேன், பாதிப் பேர் டீ குடிக்க எழுந்துட்டாங்க.

கடைசி நாள் படுகளம். களிமண்ணுல துரியோதனன் திடலையே அடைச்சு மல்லாந்து கிடப்பான். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தைத் தூக்கித் தொடையில போட்டதும் உள்ள புதைச்ச செந்தண்ணி பீறிட்டு வரும். அந்தச் சிவப்பைத் தொட்டுத்தான் பாஞ்சாலி கூந்தலை முடிவா. அடுத்த நிமிஷம் மொத்த சனமும் விழுந்து மண்ணை அள்ளும். அம்மா ஒரு பிடி அள்ளி முந்தானையில முடிஞ்சு வந்து ராகிக்குள்ள வைக்கும். முன்னே குதிர், இப்ப நீல பிளாஸ்டிக் டிரம்.

கூட்டத்துல இன்னும் முடிவு ஆகலை. போன வருஷத்து மண் துணி முடிச்சோட டிரம்முக்குள்ள கிடக்கு. புது மண் வந்தாத்தான் அம்மா பழசை எடுத்துட்டுப் போய்க் காட்டுல போடும்.