கண்ணாடியைக் கவனித்தீர்களா?

மனிதர்களை விலங்குகளாக்கும் கிரேக்க மாயக்காரி சர்சி பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஓவியர் வாட்டர்ஹவுஸின் 1891 ஓவியத்தில் அவள் கோப்பையை நம்மிடமே நீட்டுகிறாள் என்றீர்கள், சரி. ஆனால் அவளுக்குப் பின்னால் உள்ள பெரிய வட்டக் கண்ணாடியை விட்டுவிட்டீர்களே! அவள் தீவுக்கு வந்த கிரேக்க வீரன் யுலிசஸ் அதில்தான் தெரிகிறான். அவன் நிற்கிற இடத்தில்தான் நாமும் நிற்கிறோம். காலடியில் ஒரு பன்றி வேறு படுத்திருக்கிறது.

மறுவருடம் அவரே வரைந்த, இப்போது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் ஓவியத்தில் சர்சி விஷத்தைத் தண்ணீரில் ஊற்றுகிறாள். அந்தப் பச்சை நிறம் கண்ணை விட்டுப் போகாது.

அப்புறம், பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, சர்சி கதை வரைந்த கிமு ஆறாம் நூற்றாண்டுக் கிண்ணம். கவிஞர் ஹோமர் தன் காவியத்தில், சர்சியின் வீட்டுக்குள் போன யுலிசஸின் தோழர்கள் எல்லோரையும் பன்றியாக்கினார். இதை வரைந்தவரோ பன்றியோடு நிற்காமல் வேறு விலங்குத் தலைகளையும் ஒட்டிவிட்டார். குறும்புக்காரர்!