சாணி மிதித்த புவாரோ

எங்கள் குருசுக்குப்பத்தில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெத்தாங்க் என்ற இரும்புக் குண்டு வீசும் ஆட்டம் ஆடும்போது ஒவ்வொரு தடவையும் குண்டைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் வீசுவார். யாரும் கவனிக்க வேண்டும் என்பதற்காக இல்லை. துடைக்காவிட்டால் அவருக்குக் கை ஓடாது.

அகதா கிறிஸ்டியின் கதைகளில் வரும், எதிலும் சுத்தமும் ஒழுங்கும் பார்க்கும் பெல்ஜியத் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ. அவராக நடித்தவர்களை நான் அளப்பது எங்கள் தாத்தாவை வைத்துத்தான். (பாய்ரட் என்று படித்து வளர்ந்தவர்கள் மன்னிக்கவும். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுத முடியாது.)

'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் ஆல்பர்ட் ஃபின்னி. ஆஸ்கர் பரிந்துரை வரை போன நடிப்பு. ஆனால் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு அவர் விசாரிக்கும்போது கொலையாளியைவிட இவரைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது.

2017இல் கென்னத் பிரானா. இயக்கமும் அவரே. தொடக்கத்திலேயே ஒரு காலால் சாணியை மிதித்துவிடுகிறார். இரண்டும் சமமாக இருக்கட்டும் என்று மற்ற காலையும் அதிலேயே வைக்கிறார். பார்த்தபோது நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் இடித்தது. சுத்தப் பித்துப் பிடித்த மனுஷன் அப்படிச் செய்வானா? எங்கள் தாத்தாவாக இருந்தால் அன்றைக்கு ஊருக்கே போகாமல் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அடுத்த படத்தில் மீசைக்குப் பின்னால் ஒரு போர்க்காயத் தழும்பு வேறு. மீசைக்கெல்லாமா முன்கதை!

பீட்டர் உஸ்தினோவ் ஆறு முறை நடித்தார். கூட உட்கார்ந்து சாப்பிட நல்ல மனிதர், அவ்வளவுதான். அதில் 1985இல் வந்த ஒன்றில் ஜாப் என்ற போலீஸ் இன்ஸ்பெக்டராக வருபவர் டேவிட் சூஷே. நாலு வருடம் கழித்து அவரே புவாரோ ஆனார். 2013 வரை தொலைக்காட்சியில் 70 கதைகள்.

சூஷேதான் என் ஆள். நாவல்களைப் படித்து, புவாரோவின் பழக்கங்களை 93 குறிப்புகளாக எழுதி வைத்திருந்தார். அந்தக் குட்டி நடைக்காகப் பின்புறத்தில் காசை இடுக்கிக்கொண்டு நடந்து பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார். திரையில் அந்தக் காசு தெரியாது, நடை மட்டும்தான் தெரியும். 2010இல் அதே ரயில் கதையில், சட்டமா நியாயமா என்ற இடம் வரும்போது ஆத்திரத்தில் கத்துகிறார், ஜெபமாலையைப் பிடித்துக்கொள்கிறார். எப்படி அடுக்கினாலும் நேராக நிற்காத ஒன்று கையில் மாட்டிக்கொண்டவரின் தவிப்பு அது.

போன வாரம் தாத்தாவுக்கு சூஷே நடித்த ஒரு கதை போட்டுக் காட்டினேன். கடைசிவரை பேசாமல் பார்த்தார். அப்புறம், "பெல்ஜியத்துக்காரன்னா பிரெஞ்சுல தொண்ணூறுக்கு நோனாந்த்னு சொல்லணுமே தம்பி, இவன் எங்க சொன்னான்?" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் 69 கதை இருக்கிறது.