காலிபிளவரைத் துருவியது யார்?

சோறு, ரொட்டி, சர்க்கரை என்று மாவுச்சத்தை விடும் பேலியோ உணவுமுறையில் எடை குறைத்தவர்கள் போடும் 'முன், பின்' படத்தை நானும் போட்டவன்தான். 94 கிலோ, 80 கிலோ, ஏழு மாதம். பழைய பேண்ட்டின் இடுப்பை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் படத்துக்கு வந்த லைக், மகள் பிறந்த செய்திக்குக்கூட வரவில்லை. கீழே வந்து கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "என்ன சாப்பிட்டீங்க?" யார் சமைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து இப்போது சொல்கிறேன்.

எனக்குக் கும்பகோணம் பக்கம். காலையில் இட்லி ஆறு, மதியம் குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று சோறு, நாலு மணிக்கு முறுக்கு, இரவு தோசை. வேஷம்தான் வேறு வேறு, உள்ளே எல்லாம் அரிசி. நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு சொல்கிறது. எங்கள் வீட்டை அளந்திருந்தால் அதைத் தாண்டியிருக்கும். அம்மா வேறு, நான் சோற்றை விட்டதைக் கேள்விப்பட்டு, "சாமைச் சோறாவது திங்கலாமே தம்பி" என்று ஊரிலிருந்து மூன்று கிலோ கொடுத்தனுப்பினார். சிறுதானியம் நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. ஆனால் சாமையிலும் தினையிலும் கேழ்வரகிலும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கருப்பட்டிக்கும் இதே கதைதான், கறுப்பாக இருப்பதால் அது சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது.

முதல் வாரத்தில் மூன்றரை கிலோ குறைந்தது. எடை மெஷின் கெட்டுவிட்டதோ என்று மருந்துக்கடை மெஷினிலும் ஏறிப் பார்த்தேன். அதில் பெரும்பங்கு தண்ணீர் என்பது பிறகுதான் புரிந்தது. உடம்பு கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரில் உப்பும் அதிகமாக வெளியேறும். அந்த வாரம் தலைவலியும் கிறுகிறுப்புமாக இருந்ததற்கு அதுதான் காரணம். எலுமிச்சைச் சாற்றில் உப்பைத் தட்டிப் போட்டுக் குடித்ததும் தெளிந்தது. அதன் பிறகு மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ என்று மெதுவாகத்தான் இறங்கியது.

இப்போது சமையலறைக்கு வருகிறேன்.

காலையில் மகளுக்கும் மகனுக்கும் இட்லி, சட்னி. எனக்கு நெய்யில் வறுத்த பாதாம் 100. எண்ணித்தான் வைக்க வேண்டும், ஏறக்குறைய 120 கிராம் வரும். மாதத்துக்கு மூன்றரை கிலோ பாதாம் ஆகிறது, மளிகைக் கடைக்காரர் எங்கள் வீட்டில் கல்யாணமா என்று கேட்டார். மதியத்துக்குப் பிள்ளைகளுக்குச் சோறு, குழம்பு, பொரியல். எனக்குக் காலிபிளவர் சாதம்.

காலிபிளவர் சாதம் என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். பூவை உடைத்து, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் புழு போக முக்கி எடுத்து, துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்து, துருவி, அகலமான வாணலியில் மூடாமல் வதக்க வேண்டும். மூடினால் களியாகிவிடும். ஈரம் இருந்தால் குழம்பு ஊற்றியதும் கஞ்சியாகிவிடும். ஒரு பெரிய பூவைத் துருவினால் வதங்கிய பிறகு இரண்டு கை அளவுதான் மிஞ்சும். அந்த வாடை சாயங்காலம் வரை வீட்டைவிட்டுப் போகாது. இதை என் மனைவி ஏழு மாதம் தினமும், பள்ளிக்கூட வேன் வருவதற்குள் செய்தாள். இரவில் பிள்ளைகளுக்குத் தோசை, எனக்குப் பனீரோ ஆம்லெட்டோ. ஒரே வீட்டில் இரண்டு சமையல். நான் மேஜையில் உட்கார்ந்து, "இன்னைக்குக் கொஞ்சம் குழைஞ்சு போச்சு" என்று சொல்லியிருக்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த ஏழு மாதத்தில் அவளுக்கு நாலு கிலோ கூடியிருந்தது. பழக்கதோஷத்தில் எனக்கும் சேர்த்து உலை வைத்த சோறு மிஞ்சும், வீணாக்க மனசு வராமல் இரவு அதையே அவள் சாப்பிட்டிருக்கிறாள். நான் விட்ட சோறு எங்கேயும் போகவில்லை, அவள் தட்டுக்குத்தான் போயிருக்கிறது.

அப்புறம் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். மனைவி 22 நாள் சேலம் போனாள். முதல் நாள் அவித்த முட்டை. இரண்டாம் நாளும் அவித்த முட்டை. ஐந்தாம் நாள் ராத்திரி பரோட்டாக் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து சால்னா போதவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்த பிறகும் பழைய கட்டுப்பாடு வரவில்லை, நாலு மாதத்தில் ஆறு கிலோ ஏறிவிட்டது. மனக்கட்டுப்பாடு இல்லாதவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். நிதானமாக யோசித்தால், அந்தக் கட்டுப்பாடு என்னுடையதாகவே இருந்ததில்லை. துருவியில் தேய்ந்தது அவள் விரல்.

மாவுச்சத்தை விட்டு எடை குறைக்கும் இந்த முறைக்கு வயது அதிகம். லண்டனில் சவ அடக்க ஏற்பாடுகள் செய்யும் தொழிலில் இருந்த வில்லியம் பாண்டிங், மருத்துவர் சொல்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாம் விட்டு எடை குறைந்த கதையை 1863-ல் சிறு நூலாக வெளியிட்டார். அவர் விட்ட பட்டியலில் வெண்ணெயும் இருந்தது, நாம் இன்று அதைக் காபியில் போட்டுக் குடிக்கிறோம்! வேளாவேளைக்கு மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, மீன் என்று அவர் உண்ட பட்டியல் இன்றும் பேசப்படுகிறது. அடுப்படியில் நின்றது யார் என்ற பேச்சு அங்கேயும் எழுந்ததாகத் தெரியவில்லை.

மாவுச்சத்தைக் குறைப்பதால் மட்டும் மாயம் நடக்கிறது என்று இப்போது நான் நம்புவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் என்ற ஆய்வாளரின் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் மறு பாதிக்குக் கொழுப்பையும் ஒரு வருடம் குறைக்கச் சொன்னது. 2018-ல் முடிவு வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. இரண்டு கூட்டத்துக்கும் சர்க்கரையையும் மைதா போன்றவற்றையும் குறைக்க வேண்டும், காய்கறி நிறையச் சாப்பிட வேண்டும், முடிந்தவரை வீட்டில் சமைத்ததைச் சாப்பிட வேண்டும் என்று ஒரே அறிவுரைதான். வீட்டில் சமைத்தது. வந்துவிட்டோமா அடுப்படிக்கே?

அதற்காகப் பேலியோவைக் கேலி செய்பவர்களோடும் நான் இல்லை. எனக்கு ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 240-லிருந்து 118-க்கு இறங்கியது, பசி அடங்கியது, நாலு மணி முறுக்கு நின்றது. கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல் மட்டும் 128-லிருந்து 171-க்கு ஏறியது. "அது நல்ல எல்டிஎல்" என்று ஆறுதல் சொன்ன அன்பர்களுக்கு வணக்கம், நான் டாக்டரிடம் போய் நெய்யைக் குறைத்துக்கொண்டேன். இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் சகலை சர்க்கரை மாத்திரையை அதே அளவில் போட்டுக்கொண்டே சோற்றை நிறுத்தினார், மூன்றாம் நாள் சர்க்கரை தாழ்ந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டார். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டு அளவைக் குறைக்காமல் தொடங்கவே கூடாது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையில் வேறு ஆபத்து. சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோ அமிலம் கூடி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகலாம்.

இப்போது 83-ல் நிற்கிறேன். மதியம் ஒரு கரண்டி சோறு உண்டு, அதைவிட இரண்டு மடங்கு காய், முட்டையோ மீனோ. இரவில் அரிசி இல்லை. எல்லோருக்கும் ஒரே சமையல், அளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. பாதாம் எண்ணுவதில்லை.

பொங்கல் கழிந்த மறுவாரம் மனைவி தனக்கு எடை குறைக்க வேண்டும் என்றாள், மாவுச்சத்தைக் குறைத்தே. காலிபிளவர் என் பொறுப்பு. முதல் நாளே பூவோடு சேர்த்து விரல் மூட்டையும் துருவிக்கொண்டேன், பேண்ட் எய்ட் போட்ட கையோடு வதக்கிக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் எடுத்தவள் தட்டைத் திருப்பி என்னிடமே நீட்டினாள்.

"ஈரம் போகலைங்க. இன்னும் கொஞ்சம் வதக்குங்க."