வாயுவை மூலக்கூறிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுங்கள்

பாயில் விதி, சார்லஸ் விதி எல்லாவற்றையும் ஒப்பித்துத்தான் நான் தேர்வில் தேறினேன். பாயில் விதிப்படி அழுத்தம் கூடினால் வாயுவின் பருமன் குறையும், சரி. ஏன் குறையும்? அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் பல வகுப்பறைகளில் முதலில் சூத்திரம், பிறகு கணக்கு, நேரம் மிஞ்சினால்தான் மூலக்கூறுகள். இது தலைகீழ் என்றே நினைக்கிறேன்.

வாயு அடைத்த பாத்திரத்தின் சுவரில் கோடானுகோடி மூலக்கூறுகள் ஓயாமல் வந்து மோதித் திரும்புகின்றன, அந்த மோதல்களின் மொத்த விளைவைத்தான் அழுத்தம் என்கிறோம். 1738-லேயே டேனியல் பெர்னூலி என்ற சுவிஸ் கணித மேதை எழுதிவிட்ட விஷயம் இது. இந்தக் காட்சி மனதில் பதிந்தால் பாயில் விதியை ஒப்பிக்கவே வேண்டாம். வெப்பநிலையை மாற்றாமல் இடத்தைப் பாதியாக்கினால் அதே மூலக்கூறுகள் அதே வேகத்தில் இரண்டு மடங்கு அடிக்கடி சுவரைத் தொடும், அவ்வளவுதான்.

வெப்பநிலை இன்னும் அழகு. மூடிய பாத்திரத்தை 300 கெல்வினிலிருந்து 600 கெல்வினுக்குச் சூடாக்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும், ஆனால் மூலக்கூறுகளின் வேகம் சுமார் 1.4 மடங்குதான் கூடும். மீதி எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மோதலும் 1.4 மடங்கு பலமாகிறது, மோதல்களும் 1.4 மடங்கு அடிக்கடி நடக்கின்றன, இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். (சூடானால் மூலக்கூறே வீங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீங்குவதில்லை, வேகம்தான் கூடுகிறது.)

எனக்கு மிகவும் பிடித்தது 1858-இல் பாய்ஸ் பலோட் என்ற டச்சு விஞ்ஞானி எழுப்பிய கேள்வி. மூலக்கூறுகள் இவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்றால், அறையின் ஒரு மூலையில் கிளம்பும் வாசனை மறுமூலைக்கு வர ஏன் அத்தனை நேரமாகிறது? ஒரு மாணவி கேட்கக்கூடிய கேள்விதானே! சாதாரணக் காற்றில் நைட்ரஜன் மூலக்கூறு சராசரியாக நொடிக்குச் சுமார் 470 மீட்டர் போகிறது, ஒலியைவிட வேகம். அதே ஆண்டில் கிளாசியஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் பதில் சொன்னார்: மூலக்கூறு நேராகப் போவதே இல்லை, வழியெல்லாம் மற்றவற்றோடு மோதித் திசை மாறுகிறது. நாம் இருக்கும் காற்றில் இரண்டு மோதல்களுக்கு நடுவே அது கடப்பது சுமார் 70 நானோமீட்டர்தான் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு), நொடிக்கு ஏறத்தாழ 700 கோடி மோதல்கள். அதனால்தான் அசையாத காற்றில் வாசனை இரண்டு மடங்கு தூரம் பரவ இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும்.