மெட்ராஸில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கமல்ல

நம்மூர் வானொலிக் கதையை எல்லோரும் 1938-லிருந்துதான் சொல்கிறார்கள். அந்த ஜூன் 16-ல் எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் ஆல் இந்தியா ரேடியோவின் மெட்ராஸ் நிலையம் திறந்தது, ராஜாஜி பேசியது, டி.கே. பட்டம்மாள் பாடியது. எல்லாம் சரி. ஆனால் அதற்கு 14 வருஷம் முன்பே இந்த ஊரில் வானொலி பேசிவிட்டது. பேச வைத்தவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. அவர் பெயரைத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது டிரான்ஸ்மிட்டர் செய்வதற்கான பாகங்களைக் கையோடு கொண்டுவந்தவர் அவர். ஆர்வலர்களைச் சேர்த்து 1924 மே 16-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். ஒரு குண்டு பல்பு அளவுதான்! பிறகுதான் 200 வாட் வந்தது. லண்டனில் பிபிசி தொடங்கி அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வைஸ்ராய் இர்வின் பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் நிலையத்தைத் திறந்துவைத்தது இதற்கு மூன்று வருஷம் கழித்து.

கிளப்பை நடத்தப் பணம் போதவில்லை. 1927 அக்டோபரில் மூடினார்கள். ஆனால் அந்தக் கருவியை வீணாக விடாமல் மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. சாயங்காலம் சங்கீதம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோ செட் விலைக்கு வாங்க வசதியில்லாதவரும் கடற்கரையில் உட்கார்ந்து காசில்லாமல் கச்சேரி கேட்க முடிந்தது. ஆல் இந்தியா ரேடியோ வரும்வரை இது ஓடியது.

அதற்கப்புறம் வானலை முழுக்க அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல் இதே மெட்ராஸில்தான். 1993-ல் சன் டிவி. வானலை பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று கையில் போன் இருந்தால் யாரும் யூடியூபில் சேனல் நடத்தலாம், செய்தி வாசிக்கலாம்.

வானொலிக்கு மட்டும் இன்னும் பூட்டு. தனியார் எஃப்.எம். நிலையம் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்லக் கூடாது. வேண்டுமானால் ஆல் இந்தியா ரேடியோ செய்தியை மாற்றாமல் அப்படியே போட்டுக்கொள்ளலாம். வானிலை, போக்குவரத்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரியான தகவல்களைச் சொல்லலாம், அவ்வளவுதான். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள். 24 மணி நேரமும் செய்தி சொல்லும் டிவிக்களால் வராத ஆபத்து, நம் தெருவைப் பற்றிப் பேசும் ஒரு எஃப்.எம். செய்தியாளரால் வந்துவிடுமா?

ரிப்பன் கட்டடத்தில் மாமன்றம் கூடிச் சொத்து வரியை உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். தினசரிகள் எழுதும், டிவி விவாதிக்கும், யூடியூபர் கிழித்துத் தொங்கவிடுவார். சென்னை எஃப்.எம். நிலையம் மட்டும் தன் ஆளை அனுப்பி, நடந்ததைக் கேட்டுவந்து ஒலிபரப்ப முடியாது. ஒரு காலத்தில் தானே வானொலி நடத்திய மாநகராட்சி இது. செட்டியாருக்கு அஞ்சல்தலை, சிலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் கேட்பது எஃப்.எம். நிலையங்களுக்கும், கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் உள்ளூருக்காக நடத்தும் சமுதாய வானொலிகளுக்கும் சொந்தச் செய்தி சொல்லும் அனுமதி.