கையெட்டும் தூரத்தில் கூடை

நேற்று நண்பர் ஒரு வீடியோ அனுப்பினார். கொந்தளிக்கும் கடலுக்குள், தத்தளிப்பவர்களைக் காப்பாற்ற ஹெலிகாப்டரிலிருந்து ஒரு மீட்பு நீச்சல் வீரர் இறங்குகிறார். கூடவே நண்பர் எழுதியிருந்தார்: "இவரெல்லாம் மனுஷனே இல்லைங்க, தெய்வம்." எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டு நகர மனம் வரவில்லை. அந்த ஹெலிகாப்டர் வாசலில் இப்படி ஒருவர் வந்து உட்கார, முதலில் 31 பேர் சாக வேண்டியிருந்தது. அவர்களை விட்டுவிட்டு இவர் வீரத்தை மட்டும் பேச என்னால் முடியவில்லை.

1983 பிப்ரவரி 12. அமெரிக்காவின் வர்ஜீனியா கரையிலிருந்து சுமார் 30 மைல் தூரத்தில் மரைன் எலெக்ட்ரிக் என்ற நிலக்கரிக் கப்பல் புயலில் கவிழ்ந்தது. உள்ளே 34 பேர். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய கப்பல். சரக்கறை மூடிகள் துருவேறி உளுத்துப்போயிருந்தும் கப்பல் சோதனைகளில் தேறிக்கொண்டே இருந்தது. (இதை எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது.) மூழ்குவதற்கு முன் அதே புயலில், தத்தளித்த ஒரு மீன்பிடிப் படகுக்குத் துணையாகப் போய்வந்த கப்பல் அது.

வடக்கு கரோலினாவின் எலிசபெத் சிட்டி தளத்திலிருந்து கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் பறந்து வந்து, ஆட்களை உட்காரவைத்து மேலே தூக்கும் கூடையைக் கயிற்றில் இறக்கியது. விமானிகள் குறை வைக்கவில்லை. கூடை கையெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஆனால் தண்ணீர் 4 டிகிரி. அந்தக் குளிரில் ரத்தம் கைகால்களை விட்டு நெஞ்சுப் பக்கம் ஒதுங்கிவிடும். விரல் மடங்காது. கண் முன்னால் கூடை ஆடும், அதைப் பிடிக்கச் சொந்தக் கை வராது. இறங்கிப் போய்த் தூக்கிவிட அந்தப் படையிடம் ஆள் இல்லை. அப்படி ஒரு வேலையே அன்று அங்கே கிடையாது.

கடற்படையின் ஹெலிகாப்டரை அழைத்தார்கள். அதிலிருந்து ஜேம்ஸ் மெக்கான் என்ற வீரர் குதித்து, அந்த உறைகுளிரில் மிதந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனார். பலர் அதற்குள் இறந்திருந்தார்கள். பிழைத்தது மூன்றே பேர்.

மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் கடலோரக் காவல் படைக்கு மீட்பு நீச்சல் வீரர்கள் வேண்டும் என்று சட்டமாகவே போட்டது. 1985-ல் அந்தப் பணி தொடங்கிய தளமும் எலிசபெத் சிட்டிதான்.

2012 அக்டோபர் 29, சாண்டி சூறாவளி. பவுன்டி என்ற பாய்மரக் கப்பல் 16 பேரோடு வடக்கு கரோலினாவின் ஹேட்டரஸ் முனைக்கு அப்பால் மூழ்கியபோது, அதே எலிசபெத் சிட்டியிலிருந்து ஹெலிகாப்டர்கள் போயின. இந்த முறை ராண்டி ஹாபா, டேனியல் டாட் என்ற இரண்டு நீச்சல் வீரர்கள் கடலில் இறங்கினார்கள். 14 பேரை உயிரோடு மேலேற்றினார்கள். ஒரு பெண் இறந்துபோனார், கேப்டன் கிடைக்கவே இல்லை.

வீடியோவில் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். விமானிக்குத் தன் காலடியில் இருக்கும் கடல் சரியாகத் தெரியாது. கதவோரம் குனிந்து, கூடைக் கயிற்றை ஏற்றி இறக்கும் வின்ச்சை இயக்குபவர் "முன்னால், இன்னும் கொஞ்சம், நில்" என்று சொல்லச் சொல்லத்தான் இயந்திரம் நகர்கிறது. ஒவ்வொரு ஆளாகக் கூடையில் ஏற்றிவிட்டு, நீச்சல் வீரர் ஒவ்வொரு முறையும் கீழேயே நிற்கிறார், கடைசி ஆள் ஏறும்வரை.

2008 மார்ச்சில், அலாஸ்காவை ஒட்டிய பேரிங் கடலில் அலாஸ்கா ரேஞ்சர் என்ற மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. 47 பேரில் 42 பேர் பிழைத்தார்கள். குளிர் தாங்கும் மிதவை உடை அவர்களிடம் இருந்தது. குளிர்கடலில் போகும் அமெரிக்கச் சரக்குக் கப்பல்களில் அந்த உடை கட்டாயமானதற்கும் மரைன் எலெக்ட்ரிக்தான் காரணம். அன்றிரவு வந்த ஒரு சிறிய ஹெலிகாப்டர் சீக்கிரமே நிரம்பிவிட்டது. அதன் நீச்சல் வீரர் ஏப்ரம் ஹெல்லர் தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, மிதவைப் படகில் மிச்சமிருந்தவர்களோடு கடலிலேயே தங்கிவிட்டார். ஹெலிகாப்டர் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.