ரூபவாஹினிக்கு முன்பே ஐ.ரி.என். இருந்தது

"இலங்கையில் ரீவி வந்தது 1982இல், ரூபவாஹினி என்ற அரச தொலைக்காட்சியோடுதான்; ஐ.ரி.என்.னையும் அரசாங்கம்தான் பிறகு தொடங்கியது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. ஐ.ரி.என். (சுயாதீன தொலைக்காட்சி வலையமைப்பு) 1979 ஏப்ரல் 13ஆம் திகதி, புத்தாண்டுக்கு முந்தின நாள், தனியார் முயற்சியாகத் தொடங்கியது. ஷான் விக்கிரமசிங்க, அனில் விஜேவர்தன, பொப் கிறிஸ்டி ஆகியோர் பன்னிப்பிட்டியவில் ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 5இல் அரசாங்கம் அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. 'சுயாதீன' என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை!

குழப்பம் வருவது ஏன் என்று புரிகிறது. அந்த ஒளிபரப்பு கொழும்பையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி எட்டவில்லை. ஜப்பான் உதவியுடன் 1982 பெப்ரவரி 15இல் தொடங்கிய ரூபவாஹினிதான் நாடளாவிய முதல் சேவை. அப்படி எழுதியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன்.